வெள்ளைக் காலுறை

ஜனவரியில் தெள்ளுப்பூச்சி வராது. அதுவும் சுப்பீரியர் ஏரிக் காற்று ஊரையே மூடிவிட்டு, பனி ஜன்னல் விளிம்புவரை ஏறி நிற்கிற ஜனவரியில் வரவே வராது. ஆனால் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்த ஐலாவின் கண்ணெதிரே மேயரின் வெள்ளை நெஞ்சில் கறுப்பாக ஒரு புள்ளி ஓடியது. ஓடி, ரோமத்துக்குள் புகுந்துகொண்டது. மேயர் பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தை வறட் வறட்டென்று சொறிந்தது. மேஜைமேல் மிளகுத்தூள் மாதிரி எதுவோ உதிர்ந்தது.

மேயர் என்பது பூனை. வீட்டில் எந்த மூலையில் என்ன நடந்தாலும் மேற்பார்வை பார்க்க வந்து நின்றுவிடும் என்பதால் ஐலாவின் கணவன் ரெய்னோ வைத்த பெயர். வாசற்படி தாண்டியதில்லை. கதவைத் திறந்தால் வெளியே பனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த வம்பெல்லாம் நமக்கெதற்கு என்று திரும்பிவிடும். வேறு நாய் பூனை வீட்டில் இல்லை. விருந்தாளியும் வருவதில்லை. ரெய்னோ ஆகஸ்டில் இறந்ததிலிருந்து ஐலாவும் மேயரும்தான்.

ஐலா அழவில்லை. ஊர்க்காரர்கள் மூடிபோட்ட பாத்திரங்களில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து குவித்தார்கள். அவள் நன்றி சொல்லி, பாத்திரங்களைக் கழுவி, எந்தப் பாத்திரம் யாருடையது என்று குழம்பாமல் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையை வருஷக்கணக்காக நடத்தியவள், அதில் பிசகமாட்டாள். சர்க்கரை வியாதியில் அவள் பாதங்கள் எப்போதோ மரத்துப்போயிருந்தன. ஆணி குத்தினாலும் தெரியாது. அந்த மரப்பு மெல்ல ஏறி நெஞ்சுக்கு வந்துவிட்டதோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தும் அதற்காக வருத்தப்பட முடியவில்லை.

சாயங்காலங்களில் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரும். தொப் என்று ஒன்று, பிறகு சர்ர் என்று இழுபடும். குளிரில் சுருங்குகிற வெந்நீர்க் குழாய் என்று அவள் வைத்துக்கொண்டாள். ஒரு காலை இழுத்து நடக்கிற ரெய்னோவோடு நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவள் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேயரைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். மருத்துவர் பிரெண்ணா சின்னப் பெண். மேயரைப் பேன்சீப்பால் வாரி, வந்த கறுப்புத் துகளை ஈரக் காகிதத்தில் தட்டினாள். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் சிவப்பு வட்டம் ஊறிப் பரவியது. இது மண்ணில்லை, பூச்சி குடித்துவிட்டுக் கழித்த ரத்தம் என்றாள். பேனைப் பெருமாள் ஆக்குகிறாளே இந்தப் பெண் என்றுதான் ஐலா நினைத்தாள். பிரெண்ணா மேயரின் உதட்டை மேலே தூக்கிக் காட்டினாள். ஈறு வெளுத்து, மாவு பூசினதுபோல் இருந்தது.

"வயசான பூனை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே குடிச்சா தாங்காது," என்றாள் பிரெண்ணா. "மருந்து போடறேன். ஆனா மேல இருக்கறதைக் கொன்னா போதாது. எங்கேர்ந்து வருதோ அந்த இடத்தைக் கண்டுபிடிங்க."

காரில் திரும்பும்போது மேயர் கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் போடவில்லை. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் தன்னுடைய மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று ஐலாவுக்குத் தோன்றியது. நெஞ்சில் எங்கோ ஆழத்தில் லேசாக ஒரு அசைவு. பயம் அல்ல. பயத்துக்கு முந்தினது ஏதோ. இந்தப் பூனையை விடக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

பிடரியில் சொட்டு மருந்து போட்டாள். போர்வைகளைத் துவைத்தாள். தினமும் தரையெல்லாம் இயந்திரத்தால் உறிஞ்சினாள். விடிந்தால் மேயரின் நெஞ்சில் புதிதாகக் கறுப்பு ஓடியது. ராத்திரியெல்லாம் அது எங்கே படுக்கிறது என்று பார்த்தபோது, பின்கூடத்துக் கோடியில், சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையின் கதவுக்கு வெளியே, கதவின் அடி இடுக்கில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

பூச்சி மருந்தடிக்கிற டுவேன் வந்தான். அவள் கையால் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"உங்க மீட்லோஃபையே சாப்பிட்டுப் பொழைச்சு வந்தவன் நான். இந்தப் பூச்சியா என்னை ஏதாவது பண்ணிடும்," என்றான்.

"சாப்பிட்டது போதாதுன்னு ரெண்டாவது தட்டுக்கு வந்து நிப்பியே, அது யாராம்," என்றாள் ஐலா.

டுவேன் சிரித்துக்கொண்டே முழங்கால்வரை வெள்ளைக் காலுறை மாட்டினான். அவளுக்கும் ஒரு ஜோடி கொடுத்தான். கடித்தால்கூட உங்களுக்குத் தெரியாதே, காலுறையில் ஏறினால் கண்ணுக்காவது தெரியும் என்றான். இருவரும் கூடவே அறை அறையாக மெதுவாக நடந்தார்கள். கூடம் சுத்தம். படுக்கையறை சுத்தம். பின்கூடத்துக் கோடியில், அந்தக் கதவுக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தபோது, டுவேனின் காலுறை கணுக்கால்வரை கறுத்திருந்தது. கறுப்பு நகர்ந்தது. பக்கத்திலேயே நின்ற ஐலாவின் காலுறை கடையில் வாங்கின மேனிக்கு வெள்ளையாக இருந்தது.

"உங்களை ஒண்ணுகூடச் சீந்தலையே," என்றான் டுவேன். விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

அப்புறம் அவன் விளக்கினான். "புழு கூடு கட்டிட்டு உள்ளயே கெடக்கும். மாசக்கணக்கா கெடக்கும். காலடி அதிரணும், சூடு வரணும், மூச்சுக்காத்து படணும். ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்சாத்தான் வெளிய குதிக்கும். அதுக்குச் சூடுதான் எல்லாம். முயல் சுட்டுக் கையில தூக்கிட்டு வந்தா பாருங்க, ஒடம்பு ஆற ஆற அதுமேல இருக்கறதெல்லாம் எறங்கி நம்ம மேல ஏறிரும்." கதவைப் பார்த்தான். "உள்ள யார் நடக்கறா?"

"யாருமில்ல. ரெய்னோ போனதுலேர்ந்து பூட்டித்தான் கெடக்கு."

டுவேன் கதவிலிருந்து ஓரடி பின்னால் வந்தான். வியாழக்கிழமை மருந்தோடு வருகிறேன், அதுவரை அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்றான். வாசலுக்குப் போய்ப் பனியில் நின்றபடியே காலுறையை உருவி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தான். வெறுங்காலை பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். அவனுக்காக அறுத்துவைத்த ஏலக்காய் ரொட்டி மேஜைமேல் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை புயல் வந்தது. சாலைகளை மூடிவிட்டார்கள், வர முடியாது என்று டுவேன் போன் செய்தான். மேயர் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது, குடிக்க மறந்துபோனதுபோல. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு காகிதம்.

அப்போதுதான் நாத்தனார் இர்மா கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"அடியே, எங்கப்பா மரம் வெட்டற முகாம்லேர்ந்து வந்தா எங்கம்மா வாசல்லயே நிறுத்திருவா. துணி மொத்தமும் சவுனாவுக்குப் போகும். பேனாவது மூட்டைப்பூச்சியாவது, வெந்து போயிரும். வீட்டுலயே சவுனாவை வெச்சுக்கிட்டுப் பூச்சிக்காரனுக்குக் காத்துக்கிட்டு இருக்கியா?" அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "அங்க போக பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றாள் ஐலா. அது நிஜம்.

பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஜலதோஷம் முதல் சாவு வரைக்கும் அவர்களுக்கு ஒரே வைத்தியம், சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி எழுப்புகிற ஆவி. பிள்ளை பெற்றதும் அங்கே, பிணத்தைக் கழுவினதும் அங்கே. ஐலாவுக்கு அதில் மறுபேச்சு கிடையாது. பூட்டைத் திறந்தாள்.

சவுனாவின் முன்னறையில் தேவதாரு மரத்தின் வாசனை, பழைய சோப்பு, குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்கிற காய்ந்த பிர்ச் இலைக்கட்டு. அதற்கெல்லாம் அடியில், இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியின் வாசனை. ரெய்னோவின் நாற்காலி அது. குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு அதில் சாய்வான், மேயர் மடியில் ஏறிக்கொள்ளும், இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மேயர் மட்டும் இறங்கி வந்தது. நாற்காலியின் முன்னால் பழுப்புக் கம்பளம் அப்படியே கிடந்தது. அடுப்பே பற்றவைக்காத அறையில், மரவாளியில் தண்ணீர் உறைந்திருக்க வேண்டும். விரலால் தொட்டாள். வளையங்கள் எழுந்து விரிந்தன.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. விறகு அடுக்கி உள்ளறை அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டிலிருந்த போர்வை, மெத்தை உறை, மிதியடி, மேயரின் கூடைத் துணி எல்லாவற்றையும் சுமந்துவந்து உள்ளறைப் பலகைகளில் விரித்தாள். கல் சிவக்கச் சிவக்க உள்ளே மூச்சு முட்டியது. அந்தச் சூட்டில் இருந்த பூச்சியெல்லாம் செத்திருக்கும், அதில் இர்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் சுமந்துகொண்டு போக வர நடுக்கதவு திறந்தே கிடந்தது. முன்னறைக்கு வழிந்து வந்தது கொதிப்பு அல்ல. பால் உறைகிற பதமான சூடு, கூடவே ஈரம், அதோடு முன்னும் பின்னும் கம்பளத்தை மிதித்து நடக்கிற அவள் காலடி. முகாம் காலத்து அம்மாக்கள் யாரும் முன்னறையில் கம்பளம் போட்டதில்லை. அதை இர்மாவும் நினைக்கவில்லை, ஐலாவும் நினைக்கவில்லை.

சவுனாவிலிருந்து கடைசியாக வெளியே வருகிறவர் ஓர் அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றிவிட்டு வர வேண்டும். அடுத்து வருகிறவருக்கு அது. யார் அந்த அடுத்தவர் என்று அங்கே ரொம்ப விசாரிப்பதில்லை. குளியலறைக் காவல் தெய்வம் என்பார்கள், இந்த வீட்டின் முன்னோர் என்பார்கள், பிள்ளைகள் கேட்டால் வாயை மூடு என்பார்கள். ஐலா செம்பு அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினாள். ஆவி சீறி எழுந்து கூரையில் முட்டியது. வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது. இந்த வீட்டில் எப்போதும் கடைசியாக வருகிறவன் ரெய்னோ. அவள் ஒருநாளும் ஊற்றியதில்லை.

திரும்பிப் பார்த்தால் முன்னறையில் மேயர். தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு நகர முடியாத பூனை எப்படியோ நடந்து வந்து நாற்காலியின் எதிரில் உட்கார்ந்திருந்தது. தலையை அண்ணாந்து, உட்கார்ந்த ஆளின் முகம் இருக்கிற உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மரப்பலகையில் உட்கார்ந்தாள். டுவேன் கொடுத்த காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டாள். சின்ன ஜன்னலில் பகலின் கடைசி நீலம் மங்கிக்கொண்டிருந்தது, புயல் கண்ணாடியில் பனியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேயரை வார ஆரம்பித்தாள். முதல் வாரலில் சீப்பின் பல்லெல்லாம் கறுப்பு, உயிருள்ள கறுப்பு. கிண்ணத்தில் முக்கினாள், தண்ணீர் செம்மண் நிறமானது. கழுத்து, முதுகு, வாலின் அடி, வயிறு. வாரினாள், முக்கினாள். மேயர் லேசாக உறுமிக்கொண்டிருந்தது, சுகமாக இருக்கும்போது அடிநெஞ்சில் உறுமுகிற அந்தச் சத்தம். சீப்பில் வருவது குறைந்தது. நாலைந்து. ஒன்றிரண்டு. அப்புறம் ஒன்றுமில்லை. ஈரக் காகிதத்தில் சீப்பைத் தட்டினாள். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

ஐலாவுக்குள் எதுவோ அவிழ்ந்தது. சந்தோஷம்தான் அது. ஐந்து மாதம் கழித்து வந்த சந்தோஷம், வழி தெரியாமல் தட்டுத்தடுமாறி வந்தது.

"போயிடுச்சு மேயர். எல்லாம் போயிடுச்சு," என்றாள்.

உள்ளறையில் கல் சீறியது.

தண்ணீர் ஊற்றினால்தான் கல் சீறும். அகப்பையை வாளிக்குள் போட்டுவிட்டு வந்திருந்தாள். உள்ளே யாருமில்லை. அவள் தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுபடியும் சீறியது. நிதானமான சீறல், சூடு ஏறட்டும் என்று பொறுத்துப் பொறுத்து ஊற்றுகிற கையின் சீறல். நடுக்கதவின் அடியில் ஆவி வழிந்து கம்பளத்தின்மேல் தவழ்ந்தது.

பலகை அதிர்ந்தது.

தொப்.

சர்ர்.

குழாய் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். இந்த அறையில் குழாய் கிடையாது.

தொப்.

சர்ர்.

சத்தம் நாற்காலியின் முன்னால் நின்றது. அங்கே ஒன்றுமில்லை. ஜன்னலின் நீலம், நாற்காலி, கம்பளம். கம்பளம் அசைந்தது. சுவரோரத்திலிருந்து, பலகைக்கு அடியிலிருந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழேயிருந்து கறுப்பு மணிமணியாகக் கிளம்பியது. அவள் பாதங்களை நோக்கி வந்தது. வந்து, பிரிந்து, இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனது. கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடுகிற தண்ணீர்போல. ஒன்றுகூட ஏறவில்லை.

எல்லாம் ஒரே இடத்துக்குப் போயின. நாற்காலியின் முன்னால். அங்கே தாவின.

தாவினது கீழே விழவில்லை.

முதலில் குதிகால். பிறகு கணுக்கால். ஒரு பாதம் நேராக, மற்றது வெளிப்பக்கம் திரும்பி. அந்தத் திருப்பம் அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷம் அந்தக் காலுக்குத்தான் செருப்பு தைக்கக் கொடுத்தாள்.

காலடி அதிரணும். சூடு வரணும். மூச்சுக்காத்து படணும். டுவேன் சொன்னான்.

ஆள் வந்தாச்சு.

கறுப்பு முழங்காலுக்கு ஏறியது. தொடைக்கு ஏறியது. ஐலா கூச்சலிடவில்லை. மேயரை இறுக்கிக்கொண்டாள். அதை விடக்கூடாது. அது ஒன்றுதான். மடி கனத்தது. உறுமல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. முதுகைத் தடவினாள். சீப்பு இழுத்த ரோமம் வழவழவென்று, சுத்தமாக இருந்தது. ஒரு பூச்சி இல்லை.

ஒடம்பு ஆற ஆற எறங்கிரும்.

முயல்.

அவள் குனிந்து கன்னத்தை மேயரின் கழுத்தில் வைத்தாள். அவள் கன்னம் மரத்துப்போயிருக்கவில்லை. கன்னத்துக்குத் தெரிந்தது.

அவ்வளவு சூடான அறையில் அது மட்டும் குளிர்ந்திருந்தது.

அப்போது உறுமல் மறுபடியும் கேட்டது. மடியிலிருந்து அல்ல. எதிரில். ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில்.

அவள் நிமிர்ந்தாள். வயிறு வந்திருந்தது. இரண்டு முன்கைகள் வந்திருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, எதையோ ஏந்தி. ஏந்தின இடத்தில் கறுப்பு உருண்டு திரண்டது. சுருண்ட முதுகு. இரண்டு காது. கையிலிருந்து தொங்கின வால். வால்நுனி ஆடியது, சுகமாக இருக்கும்போது எப்போதும் ஆடுகிறபடி. கழுத்துக்கு மேலே இன்னும் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

தொப்.

சர்ர்.

அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

குளிர்ந்த பூனை மடியில் கிடக்க, ஐலா தன் கால்களை மெதுவாக முன்னால் நீட்டினாள். ஒன்றாவது ஏறட்டும். ஒரே ஒன்று. கறுத்த பாதங்கள் அவள் பாதங்களுக்கு நேரெதிரே வந்தன, விரலோடு விரல் தொட்டன, அழுத்தின. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். காலுறை வெள்ளையாகவே இருந்தது.